முழங்கையில் தோன்றிய சிறு கட்டி

1879 டிசம்பர் 30-ஆம் நாள் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1896-இல் மதுரையில் மரண பயத்தின் வழியே ஆன்ம அனுபவம் பெற்று, அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். பின்னர் ரமண மகரிஷி என உலகம் போற்றிய அவர், ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அருணாசலத்தை விட்டு அகலவில்லை. இவற்றைப் பெங்களூரு மேக்ரி வட்டத்தருகே அவர் பெயரால் விளங்கும் பூங்காவில் உலவுவோரும் அறிவர். அவருடைய இறுதி ஒன்றரை ஆண்டு அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

1948-இன் இறுதியில் அவரது இடது முழங்கையின் கீழ் சிறு கட்டி ஒன்று தோன்றியது. கைகால்களில் எழும் இத்தகைய வீக்கத்தை, எங்கோ இடித்துக்கொண்டதனால் வந்தது என்றோ சாதாரணக் கொழுப்புக் கட்டி என்றோ எவரும் எண்ணிவிடுவர். மகரிஷியும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1949 பிப்ரவரியில் ஆசிரம மருத்துவர்கள் அதை அறுத்து அகற்றினர். புண் ஆறியதுபோல் தோன்றியது. ஆனால் ஒரு மாதத்திற்குள் கட்டி முன்னிலும் பெரிதாக எழுந்தது.

மார்ச் 17-ஆம் நாள் அன்னையின் சமாதி மீது எழுந்த மாத்ருபூதேஸ்வரர் ஆலயக் குடமுழுக்கு நிகழ்ந்தது. திரண்டிருந்த அன்பர்கள் பலருக்கும் அவரது கையின் நிலை தெரிந்திராது. அம்மாத இறுதியில் சென்னையிலிருந்து வந்த மருத்துவர்கள் இரண்டாம் முறை அறுவை செய்தனர். திசுப் பரிசோதனையில் அது சார்கோமா, அதாவது தசை, கொழுப்பு, நரம்பு முதலிய மென்திசுக்களில் எழும் புற்றுநோய் எனத் தெரியவந்தது.

இந்நோயின் வஞ்சகம் இதுதான்: தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. அடிபட்ட நினைவு இருந்தால், வீக்கத்திற்குக் காரணம் அதுவே என்று மனம் அமைதியுறுகிறது. உண்மையில் அடி நோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருந்த கட்டியை நாம் கவனிக்கச் செய்கிறது, அவ்வளவே. சில வாரங்களில் வற்றாத, வளர்ந்துகொண்டே போகும், ஆழத்தில் உள்ள, அல்லது ஐந்து செ.மீ.க்கு மேற்பட்ட வீக்கத்தை அறுப்பதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. படமும் ஊசித் திசுப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்பது இன்றைய மருத்துவ முறை. பெங்களூரு கித்வாய் போன்ற புற்றுநோய் மருத்துவமனைகளில் இது இப்போது வழக்கம். உள்ளங்காலில் முள் தைத்த புண் போல் ஆறாதிருக்கும் கருமை மெலனோமாவாகவும், பழைய தீப்புண் தழும்பில் எழும் ஆறாப் புண் தோல் புற்றாகவும் இருக்கலாம். 1949-இல் ரேடியமும் கத்தியுமே மருத்துவர் கையில் இருந்தன.

கையையே துண்டித்துவிடலாம் என்ற யோசனையை மகரிஷி ஏற்கவில்லை. உடலே ஒரு நோய், அதன் இயல்பான முடிவு வரட்டும் என்பதே அவர் நிலை. எனினும் அன்பர்களின் மனம் நோகலாகாது என்று ரேடியச் சிகிச்சை, பச்சிலை, ஹோமியோபதி, ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இரு அறுவைகள் ஆகிய அனைத்திற்கும் உடன்பட்டார். கட்டி தோள்வரை பரவியபோதும், வந்தவர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்படக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

1950 ஏப்ரல் 14 மாலையிலும் மக்கள் வரிசையாக வந்து வணங்கிச் சென்றனர். இரவு 8.47 மணிக்கு மூச்சு அடங்கியது. அப்போது ஆசிரமத்தில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரேசோன், வானில் ஓர் ஒளி அருணாசலத்தை நோக்கி மெல்ல நகர்ந்ததைக் கண்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.