காட்டுக்குள் குடியிருந்தே காட்டைக் காத்தவர்

போர் முடிந்து திரும்பி வந்தபோது எங்கள் காணியில் பற்றை மண்டிக் கிடந்தது உண்மைதான். பிறகு எல்லைக்கல் நட்டு, இது இனிக் காடு என்று சொல்லிப் போனார்கள். காடு வேண்டுமா, சனம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சிக்கோ மெண்டிசின் கதையைத்தான் சொல்வேன்.

1944 டிசம்பர் 15இல், பிரேசிலின் ஆக்ரி மாநிலத்தில் ஷாப்புரிக்கு அருகே இறப்பர் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். எங்கள் நாட்டு இறப்பருக்கும் பூர்வீகம் அமேசன்தான். ஆனால் அங்கே மரங்கள் வரிசையில் நிற்பதில்லை. காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தானே முளைத்தவை. விடியமுன் எழும்பி, ஒற்றையடிப் பாதையில் மரம் மரமாகப் போய்ப் பால் வெட்ட வேண்டும். ஒன்பது வயதளவில் தகப்பனோடு அந்த வேலைக்கு இறங்கினார். பள்ளிக்கூடம் இல்லை. எழுத்தறிந்தால் கடன் கணக்கைக் கேட்பார்களே என்று முதலாளிமார் விடவில்லை. காட்டில் ஒளிந்து வாழ்ந்த யூக்ளிடெஸ் தாவோரா என்ற அரசியல் தலைமறைவாளரே அவருக்கு வாசிக்கக் கற்றுக் கொடுத்தார்.

1970களில் மாட்டுப் பண்ணைக்காரர் வந்து, காட்டை வெட்டி எரித்துப் புல் விதைத்தனர். 1976 முதல் தொழிலாளர்கள் பெண்கள், பிள்ளைகளோடு போய் மரம் அரிபவர்களை மறித்து நின்றார்கள். 1980இல் பக்கத்து ஊர்ச் சங்கத் தலைவர் வில்சன் பின்யெய்ரோ சுட்டுக் கொல்லப்பட்டார்.

மறித்தால் மட்டும் காணி நிலைக்காது என்பது மெண்டிசுக்குத் தெரிந்திருந்தது. அரசு கொடுக்க முன்வந்ததோ சதுரம் சதுரமாக அளந்த துண்டுகள். வளைந்து வளைந்து போகும் இறப்பர் பாதை எந்தச் சதுரத்துக்குள் அடங்கும்? 1985இல் பிரேசிலியாவில் கூடிய தொழிலாளர்கள் வேறொரு திட்டத்தை வைத்தார்கள். நிலம் அரசுடையது, பயன்படுத்தும் உரிமை அங்கே வாழும் குடும்பங்களுடையது. துண்டாடவோ விற்கவோ முடியாது. எங்கே பயிர் செய்வது, எவ்வளவு வெட்டுவது என்ற பயன்பாட்டுத் திட்டத்தை ஆக்குவதில் குடியிருப்போருக்கும் பங்கு. வரைபடத்தை மட்டும் பார்த்துக் கோடு போடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

1987இல் மயாமியில் வங்கியாளர்களைச் சந்தித்து, காட்டை ஊடறுத்த நெடுஞ்சாலைக்கான கடனைக் கேள்விக்குள்ளாக்கினார். கடன் இடைநிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஐ.நா.வின் சுற்றாடல் விருதும் கிடைத்தது. ஊரிலோ கொலை மிரட்டல். 1988இல் கஷோயிரா காட்டை வெட்ட வந்த பண்ணைக்காரரைச் சனம் மறித்தது. அரசு அந்தக் காட்டைத் தொழிலாளர்களுக்காகச் சுவீகரித்தது. டிசம்பர் 22 மாலை, காவலுக்கு வந்த பொலிசார் வீட்டுக்குள் டொமினோ விளையாடிக்கொண்டிருக்க, குளிக்கவென்று பின்கதவைத் திறந்தவர் சுடப்பட்டார். 44 வயது முடிந்து ஒரு கிழமை. பண்ணைக்காரருக்கும் மகனுக்கும் 1990இல் 19 ஆண்டுச் சிறைத்தண்டனை.

அதே ஆண்டு மார்ச்சில், சுமார் 9 இலட்சத்து 70 ஆயிரம் ஹெக்டேயர் காடு அவருடைய பெயரிலேயே ஒதுக்கப்பட்டது. குடும்பமொன்று தன் பங்கில் பத்திலொன்றுக்கு மேல் வெட்டக்கூடாது என்பது அங்குள்ள விதி. இன்று அதை மீறி மாடு வளர்ப்பவர்களுள் இறப்பர் வெட்டியவர்களின் பிள்ளைகளும் உண்டு. இறப்பர் விலை அவர்களுக்குச் சோறு போடவில்லை.