உறக்கம் தேடிய இசைக்குயில்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கிராண்ட் ராப்பிட்ஸ் என்னும் சிற்றூரில் 1922 ஜூன் 10 அன்று பிறந்தவர் ஜூடி கார்லண்ட். பெற்றோர் இட்ட பெயர் பிரான்செஸ் கம். நடக்கப் பழகிய சிறிது காலத்திலேயே தமக்கையருடன் மேடை ஏறிப் பாடினார். 13 வயதில் எம்.ஜி.எம். நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. 1939-இல் வெளிவந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படம் அவரது குரலை உலகறியச் செய்தது.

அப்புகழுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. ஓயாத படப்பிடிப்பில் விழித்திருக்கவும், உடல் பருக்காதிருக்கவும் ஊக்க மாத்திரைகள். அவை பறித்த உறக்கத்தை மீட்கத் தூக்க மாத்திரைகள். படநிறுவனத்தாரே இவற்றைப் பழக்கினர் என்று பின்னாளில் அவர் கூறினார். பருவம் முதிராத பெண்ணிடம் பெரியவர்கள் காட்டிய பரிவு இதுதான் போலும்!

1950-இல் எம்.ஜி.எம். உறவு முறிந்தது. ஆயினும் 1961-இல் நியூயார்க் கார்னெகி அரங்கில் அவர் பாடிய இரவை இசையன்பர்கள் இன்றும் போற்றுகின்றனர். மாத்திரைப் பழக்கம் மட்டும் விடவில்லை.

அவர் உட்கொண்டவை பார்பிட்டுரேட் வகை மருந்துகள். இவை மூளையின் வேகத்தைத் தணித்து உறங்க வைப்பவை. அளவு மிஞ்சினால் மூச்சையே அடக்கிவிடும். நாள்பட உண்பவருக்குப் பழைய அளவில் உறக்கம் வராது. அளவைக் கூட்டுவார். ஆனால் உயிரைப் பறிக்கும் அளவு அதற்கு ஈடாக உயர்வதில்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறுகிக்கொண்டே போகும். மதுவும் கூடினால் ஆபத்து இன்னும் அருகில் வரும். திடீரென நிறுத்தினாலோ வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். இன்னொன்று: அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு முன்பு எத்தனை விழுங்கினோம் என்பது நினைவில் நில்லாது. மருந்துப் புட்டியைத் தலைமாட்டில் வைக்கலாகாது என்பது இதனால்தான். ஓர் இரவுக்கு உரியதை மட்டும் வேறொருவர் எடுத்துக் கொடுப்பதே தக்கது.

1969 ஜூன் 22 அன்று, இலண்டன் செல்சியில் தங்கியிருந்த வீட்டின் குளியலறையில் ஜூடி இறந்துகிடந்தார். வயது 47. குருதியில் ஏறத்தாழ 10 செகோனல் குளிகைகளுக்கு நிகரான மருந்து இருந்தது. இரைப்பையில் மிச்சம் ஏதுமில்லை. ஒரேயடியாக விழுங்காமல் நேரம் விட்டு விட்டு உட்கொண்டிருக்கிறார். தற்கொலை அன்று, தற்செயலான மரணமே என்பது விசாரணையின் முடிவு.

நியூயார்க்கில் அவரது உடலைக் காணச் சுமார் 20,000 பேர் வரிசையில் காத்து நின்றனர்.