ஜாக் மோனோ: புரதத்தின் விசையைக் கண்டவர்

உயிரணுவுக்குள் ஆயிரக்கணக்கான நொதிகள் ஓயாது உழைக்கின்றன. வேண்டிய பொருள் வேண்டிய அளவு சேர்ந்ததும் அவற்றை நிறுத்துவது யார்? இவ்வினாவுக்கு விடை கண்ட பெருமக்களுள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் ஜாக் மோனோ.

1910-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9-ஆம் நாள் பாரிசில் பிறந்தார். தந்தையார் ஓவியர், தாயார் அமெரிக்கப் பெண்மணி. இளம்பிள்ளை வாதம் அவருடைய காலை நலிவித்தது, ஊக்கத்தை நலிவிக்கவில்லை. மலை ஏறினார், செல்லோ இசைத்தார். 1936-இல் கிரீன்லாந்துக் கடற்பயணத்தில் சேராமல், மரபியல் பயில அமெரிக்கா சென்றார். அவர் ஏறாத அக்கப்பல் ஐஸ்லாந்துக் கரையருகே மூழ்கியது, பிழைத்தவர் ஒருவரே!

1941-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது பாரிஸ் நாசிகளின் பிடியில் இருந்தது. மோனோ ஆய்வை விடாமலே மறைமுக விடுதலைப் படையிலும் பணியாற்றினார். இரகசியத் தாள்களை ஆய்வுக்கூடத்தின் வெளியே நின்ற ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்புக்குள் ஒளித்து வைத்தார் என்பர்.

போர் முடிந்த 1945-இல் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கேதான் அவரது பெரும்பணி மலர்ந்தது.

பாக்டீரியாவில் ஐசோலூசின் என்னும் அமினோ அமிலம் படிப்படியாக உருவாகிறது. அது மிகுந்தால், முதற்படியில் உள்ள நொதி நின்றுவிடும். இதனை 1956-இல் அமெரிக்க அறிஞர் அம்பார்கர் கண்டிருந்தார். ஐசோலூசின் எவ்வாறு தடுக்கிறது? நொதி வேலை செய்யும் இடத்தையே அடைத்துக்கொள்கிறதா? மோனோவின் மாணவர் ஷான்ஷோ 1961-இல் நொதியைச் சூடேற்றிப் பார்த்தார். தடை அகன்றது, தொழில் நீடித்தது. எனவே தடுக்கும் பொருள் அமரும் இடம் வேறு, தொழில் நடக்கும் இடம் வேறு என்பது புலனாயிற்று.

1965-இல் மோனோ, வைமன், ஷான்ஷோ மூவரும் இதற்கு ஒரு கோட்பாடு வகுத்தனர். இத்தகைய புரதத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று இறுகியது, மற்றது தளர்ந்தது. வந்து ஒட்டும் சிறு மூலக்கூறு அவற்றுள் ஒன்றை நிலைநிறுத்துகிறது. நம் குருதியின் ஹீமோகுளோபின் நுரையீரலில் பிராணவாயுவைப் பற்றித் திசுக்களில் விடுவதற்கும் இவ்வடிவ மாற்றம் துணை செய்கிறது.

அதே ஆண்டில், மரபணுக்களின் கட்டுப்பாட்டைக் கண்டறிந்தமைக்காக ழாக்கோப், லுவோஃப் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். 1971-இல் பாஸ்டர் நிலையத்தின் இயக்குநரானார். 1976-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் மறைந்தார்.

அவர் இயற்கையில் கண்ட விசையை இன்று மனிதன் தானே செய்கிறான். 2019-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக அறிஞர்களும் அவர்தம் துணைவர்களும் இயற்கையில் இல்லாத புரதம் ஒன்றைப் படைத்தனர். அது மூடிய நிலையில் உறங்கும்; சாவி போன்ற ஒரு புரதத் துண்டு வந்து சேர்ந்தால் திறந்து தொழிலாற்றும். நோயுற்ற அணுவிடம் மட்டும் விழித்தெழும் மருந்துகளை ஆக்க இவ்வழி உதவும் என்பது அறிஞர்களின் நம்பிக்கை. உழைக்கவும் ஓயவும் ஒருங்கே அறிந்த புரதத்தை நமக்குக் காட்டியவர்களுள் மோனோவின் பெயர் என்றும் முன்வரிசையில் நிற்கும்.