சுவாமி குவலயானந்தர்: யோகத்தை அளந்து பார்த்த ஆசிரியர்

சோதனை நெருங்கும் மாதங்களில் நித்திரையிழந்து, பசியற்று, முகம் வாடித் திரியும் மாணாக்கரை ஆண்டுதோறும் காண்கின்றோம். அவருட் பலர் பழைய மாணவராகி உத்தியோகத்தில் அமர்ந்த பின்னரும் அந்நித்திரையின்மையை உடன்கொண்டே செல்கின்றனர்; நாற்பது வயதளவில் வைத்தியர் அதனோடு இரத்த அமுக்கம் என்னும் பெயரையும் சேர்த்துக் கூறுகின்றார். இத்தகைய மன இறுக்கத்துக்கு யோகப் பயிற்சி நன்மை தரும் என்பதை இன்று வைத்தியர்களே ஒப்புகின்றனர். நூறாண்டுகளுக்கு முன் அவ்வாறு கூறியிருந்தால் படித்தவர் பலர் நகைத்திருப்பர். அந்நகைப்பு அடங்குதற்கு உழைத்தவருள் முன்னின்ற ஒருவரது வாழ்க்கையை இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

திருமூலநாயனார் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்தருளியமையால், சைவப் பிள்ளைகளாகிய நமக்கு யோகம் புதிய சொல்லன்று. ஆயினும், அது துறவியர்க்கே உரியது, இல்லறத்தார் தொடலாகாது என்னும் அச்சம் பொதுமக்களிடையே நெடுங்காலம் நிலவியது. ஒருபுறம் இவ்வச்சம், மறுபுறம் வித்தைகாட்டுவோரின் ஆரவாரம். இவ்விரண்டுக்கும் இடையில் நின்று, யோகம் உடம்பினுள் செய்வது யாது என நிதானமாக வினாவினார் ஒரு பாடசாலை ஆசிரியர்.

ஜகந்நாத கணேச குணே என்பது அவரது பிள்ளைத் திருநாமம். 1883ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 30ஆந் திகதி குஜராத்திலுள்ள டபோய் என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே சமஸ்கிருதத்தில் தேர்ந்து புலமைப் பரிசிலும் பெற்றார். திலகர், அரவிந்தர் ஆகியோரின் தேசபக்தி அவரை ஆட்கொண்டது. நாட்டுப் பணிக்கென வாழ்நாள் முழுதும் பிரமசரியம் காத்தார். 1907ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டுகள் பரோடாவில் மாணிக்கராவ் என்னும் தேகப்பயிற்சி ஆசான்பால் பயின்றார். அக்காலத்து அவர் நாடியது வலிமையேயன்றி அமைதியன்று. பின்னர் அமால்னேர் நகரிற் கல்விப்பணி புரிந்து, 1916இல் அங்குள்ள தேசியக் கல்லூரிக்கு அதிபரானார். தேசிய உணர்ச்சி மிகுந்த அக்கல்லூரியை ஆங்கில அரசாங்கம் மூடுவித்தது. ஓர் அதிபருக்கு அதனினும் பெரிய துயரம் வேறு யாது? தம் கல்லூரியின் விழாவைக் கொண்டாடும் பேறு பெற்ற நாம் அதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும்.

1919இல் நர்மதைக் கரையிலுள்ள மால்சரில் பரமஹம்ஸ மாதவதாசர் என்னும் முதிய யோகியைக் கண்டு அடிபணிந்தார். குருவினிடம் கற்றதைப் பிறர் கூறியவாறே நம்பிவிட அவர் உள்ளம் இசையவில்லை. 1920-21இல் பரோடா அரச வைத்தியசாலையில், தம் மாணாக்கர் சிலர் துணையுடன், உட்டியானம், நௌலி என்னும் பயிற்சிகளை எக்ஸ் கதிர் முதலிய கருவிகளால் ஆராயத் தொடங்கினார். நௌலி செய்பவர் எவ்விதக் கருவியின் உந்துதலுமின்றி நீரைப் பெருங்குடலுள் ஏற்றுவதைப் பலர் அற்புதமென்றே வியந்திருந்தனர். அமுக்கமானியைக் கொண்டு அளந்தபோது, வயிற்றுத் தசைகளின் இயக்கத்தால் குடலினுள் அமுக்கம் குறைந்து ஒரு வெற்றிடம் உண்டாவதும், அவ்வெற்றிடமே நீரை உள்ளிழுப்பதும் புலனாயின. அற்புதம் பௌதிகமாயிற்று! அவ்வெற்றிடத்துக்குத் தம் குருவின் பெயரையே இட்டார்.

1924இல் பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடைப்பட்ட லோனாவ்லா மலையூரில் கைவல்யதாமம் என்னும் ஆச்சிரமத்தை நிறுவினார். அது ஆச்சிரமமும் ஆய்வுகூடமும் ஒருங்கே அமைந்தது. யோக மீமாம்ஸா என்னும் சஞ்சிகையும் அவ்வாண்டிலேயே தோன்றியது. பிராணாயாமம் செய்பவர் மிகுதியான ஒட்சிசனைப் பெறுகின்றார் என யோகப் பற்றுடையோர் பெருமையோடு கூறிவந்தனர். அக்கூற்று ஆதாரமற்றதென்று எழுதியவர் குவலயானந்தரே. பிராணாயாமத்தின் பயனை அவர் நரம்பு மண்டலத்திலும் மனத்தின் அடக்கத்திலும் தேடினார். தம் கட்சிக்கு இனிமையான பொய்யைத் தாமே மறுப்பதற்குத் துணிவு வேண்டும். கானில் சுரப்பிகளைப் பற்றி அவர் கருதியவை யாவற்றையும் பிற்கால ஆராய்ச்சி உறுதிசெய்யவில்லை என்பதையும் நாம் இங்கே சொல்லியாதல் வேண்டும்.

தேகப்பயிற்சிச் சாலையில் வளர்ந்த அவர், ஆசனம் வேறு, தசைப்பயிற்சி வேறு என்பதை மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். பின்னதிற் களைப்பு உண்டாகும். முன்னதில் உண்டாதல் ஆகாது. முக்கி முனகிச் செய்வது ஆசனமன்று. அவர் விளக்கிய சவாசனம் பார்வைக்கு மிக எளியது: மல்லாந்து படுத்து, உறுப்புக்களை ஒவ்வொன்றாகத் தளரவிட்டு, பின்னர் மூச்சின் வரவையும் போக்கையும் கவனித்து, மெல்ல மெல்ல அதனைச் சீர்ப்படுத்துதல். செய்து பார்த்தவரே அதன் அருமையை அறிவர். கை தளர்ந்தால் தாடை இறுகும். தாடை தளர்ந்தால் நாளைய கவலை எழும். அவசரப்படுபவருக்கு அது வாய்ப்பதில்லை.

1927இல் காந்தியடிகள் உயர்ந்த இரத்த அமுக்கத்தால் நலிவுற்று மைசூர்ச் சீமையிலுள்ள நந்திமலையில் ஓய்வு கொண்டிருந்தார். ஓயாத பயணமும் பொறுப்பும் அவர் உடம்பை வாட்டியிருந்தன. அக்காலத்து ஆசனங்களைப் பற்றிக் குவலயானந்தரோடு கடிதமூலம் ஆலோசனை நடத்தினார். இருவரும் அளந்து பார்க்கும் இயல்பினராதலால் அக்கடிதத் தொடர்பு பொருத்தமானதே.

யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கோவூர் பெஹனன் என்னும் கேரள தேசத்தவர் லோனாவ்லாவுக்கு வந்து பயின்று, 1937இல் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். யோகப் பயிற்சியால் மனக்கிளர்ச்சி தணிந்து உறுதி உண்டாவதை அவர் கண்டார். ஆனால் பிராணாயாமம் முடித்தவுடன் கணக்கிடுதல் போன்ற வேலைகளில் மனம் மந்தமாவதையும் கண்டு மறையாது எழுதினார். சோதனை மண்டபத்து வாயிலில் மூச்சடக்க விரும்பும் மாணாக்கர் இதனைக் கருத்திற் கொள்வாராக!

பாடசாலைப் பிள்ளைகள் கூட்டமாகச் செய்தற்கேற்ற பயிற்சிமுறையையும் சுவாமிகள் வகுத்தார். பம்பாயிற் கிளை நிலையமும், 1950களின் தொடக்கத்தில் லோனாவ்லாவில் யோகக் கல்லூரியும் எழுந்தன. மூடப்பட்ட கல்லூரியின் அதிபர் மீண்டும் ஒரு கல்லூரியைக் கண்டார். 1966ஆம் ஆண்டு ஏப்ரில் 18ஆந் திகதி, எண்பத்திரண்டாம் வயதில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1969இல், பம்பாயைச் சேர்ந்த டாதே என்னும் இருதய வைத்தியரும் அவருடைய குழுவினரும், உயர்ந்த இரத்த அமுக்கமுடைய 47 நோயாளருக்கு நாடோறும் சவாசனம் பழக்கி, அதன் விளைவை வைத்தியச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டனர். மருந்துண்ணாத நோயாளரிடத்து அமுக்கம் குறைந்தது. மருந்துண்டவர் பலர்க்கு மருந்தின் அளவு குறைந்தது.