நெகட்டிவில் ஓட்டை போட்ட போட்டோ எடிட்டர்! யார் இந்த ராய் ஸ்ட்ரைக்கர்?

1930-களின் அமெரிக்கப் பொருளாதார மந்தம் என்றதும் பலருக்கும் ஒரு படம் நினைவுக்கு வரும். தோளில் குழந்தைகள் சாய்ந்திருக்க, கவலையோடு எங்கோ பார்க்கும் தாய். 1936-ல் அதை எடுத்தவர் டோரத்தியா லாங். அவர் வேலை பார்த்த அரசுப் புகைப்படக் குழுவின் தலைவர்தான் ராய் ஸ்ட்ரைக்கர்.

யார் இவர்?

1893-ல் கன்சாஸில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் நடத்தியவர். 1935-ல் ஏழை விவசாயிகளின் மறுவாழ்வுக்கான அரசுத் துறையில் சேர்ந்தார். வாக்கர் எவன்ஸ், ஆர்தர் ராத்ஸ்டீன் போன்றவர்களை ஊர் ஊராக அனுப்பினார். என்னென்ன எடுக்கணும்னு பட்டியலே கொடுப்பார். வந்த படங்களைப் பத்திரிகைகளுக்கு இலவசமாகத் தந்தார்.

என்ன சர்ச்சை?

பிடிக்காத நெகட்டிவ்களில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டுடுவார். அதன்பின் அந்தப் படம் அவ்வளவுதான். புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள். பிறகுதான் அந்தப் பழக்கத்தை விட்டார்.

படங்கள் எப்படித் தப்பின?

போர்க்காலத்தில் குழு கலையும் நிலை வந்தது. படங்கள் சிதறிவிடக் கூடாது என்று, மொத்தத்தையும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொண்டுசேர்க்கப் பாடுபட்டவரும் இதே ஸ்ட்ரைக்கர்தான். 1943-ல் அரசு வேலையை விட்டார், 1975-ல் மறைந்தார்.

1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அவர் ஓட்டை போட்டவற்றையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.