ஒரு நாவலுக்காகத் தூற்றப்பட்டு, எழுபது ஆண்டுகளுக்குப் பின் போற்றப்பட்ட கேட் சோபின்

அமெரிக்கப் பெண்ணிய இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவராக இன்று மதிக்கப்படும் கேட் சோபின், தம் வாழ்நாளில் அவ்வாறு அறியப்பட்டவர் அல்லர். அவர் எந்த இயக்கத்தையும் நடத்தவில்லை. மனைவி, தாய் என்னும் நிலைகளுக்கு அப்பால் ஒரு பெண்ணுக்குத் தனக்கென ஒரு வாழ்வு உண்டா என்ற வினாவைக் கதைகளாக எழுதினார். அந்த வினாவே அவரது எழுத்து வாழ்க்கையைப் பெரிதும் முடக்கியது.

கேத்தரின் ஓ'ஃபிளாஹெர்ட்டி என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1850ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். தந்தை அயர்லாந்திலிருந்து குடியேறிய வணிகர். தாய் பிரெஞ்சு மரபினர். 1855இல் கேஸ்கனேட் ஆற்றுப் பாலம் இடிந்து நேரிட்ட ரயில் விபத்தில் தந்தை உயிரிழந்தார். அதன்பின் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி ஆகிய மூன்று கைம்பெண்களின் அரவணைப்பில் கேட் வளர்ந்தார். ஆணின் துணையின்றியே இல்லத்தை நடத்திய பெண்களை இளமை முதலே கண்டவர் அவர்.

1870இல் ஆஸ்கர் சோபினை மணந்து லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் குடியேறினார். ஐந்து ஆண் குழந்தைகளுக்கும் ஒரு பெண் குழந்தைக்கும் தாயானார். 1879இல் கணவரின் பருத்தி வணிகம் நொடித்துப்போகவே, குடும்பம் அதே மாநிலத்தின் குளூட்டியர்வில் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. 1882இல் ஆஸ்கர் மலேரியாவால் இறந்தபோது, ஏறத்தாழ 12,000 டாலர் கடன் எஞ்சியிருந்தது. அப்போது கேட்டுக்கு வயது 32. கணவரின் கடையையும் நிலங்களையும் தாமே நிர்வகித்த அவர், 1884இல் பிள்ளைகளுடன் செயின்ட் லூயிஸுக்குத் திரும்பினார். மறு ஆண்டு தாயும் காலமானார்.

குடும்ப நண்பரான மருத்துவர் ஃபிரெடரிக் கோல்பென்ஹேயரின் ஊக்கத்தால் கேட் எழுதத் தொடங்கினார். பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் சிறுகதைகள் அவருக்கு வழிகாட்டின. முதல் நாவலான 'அட் ஃபால்ட்' 1890இல் அவரது சொந்தச் செலவில் வெளிவந்தது. லூசியானா மக்களின் வாழ்வைச் சித்திரித்த 'பேயூ ஃபோக்' தொகுப்பு 1894இல் அவருக்கு நாடறிந்த பெயரைத் தந்தது. அத்தொகுப்பில் உள்ள 'டெசிரேயின் குழந்தை', மனைவியின் பிறப்பில் கறுப்பின இரத்தம் கலந்திருப்பதாக ஐயுற்று அவளை விரட்டும் கணவன், அந்தக் கலப்பு தன் பிறப்பிலேயே இருப்பதை அறிவதைச் சொல்கிறது. அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் எழுதிய கதை என்பது இங்கு கருதத்தக்கது.

அதே ஆண்டு 'வோக்' இதழில் வெளியான 'ஒரு மணி நேரத்தின் கதை' சில பக்கங்களே கொண்டது. ரயில் விபத்தில் கணவன் இறந்ததாகச் செய்தி வருகிறது. தனியறையில் அழும் மனைவி, இனித் தன் வாழ்வு தனக்கே உரியது என்பதை மெல்ல உணர்கிறாள். கணவன் உயிருடன் வாசலில் வந்து நிற்க, அவள் இறந்துபோகிறாள். மகிழ்ச்சியின் மிகுதியே அவளைக் கொன்றது என மருத்துவர்கள் முடிவு செய்கின்றனர்.

1899 ஏப்ரலில் வெளியான 'தி அவேக்கனிங்' என்னும் நாவல் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதன் நாயகி எட்னா பொன்டெல்லியர், கணவனின் இல்லத்தை விட்டு வெளியேறித் தனி வீட்டில் வாழ்கிறாள், ஓவியம் தீட்டுகிறாள், பிற ஆடவர்மீது காதல் கொள்கிறாள், இறுதியில் கடலில் நீந்திச் சென்று மறைகிறாள். ஆசிரியர் அவளைக் கண்டிக்கவில்லை என்பதே விமர்சகர்களின் சினத்துக்கு முக்கியக் காரணமாயிற்று. நூலகங்கள் இந்நாவலைத் தடை செய்ததாகப் பின்னாளில் பரவிய செய்திக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. எனினும் அடுத்த ஆண்டே அவரது மூன்றாவது சிறுகதைத் தொகுப்பைப் பதிப்பகம் கைவிட்டது. அதன்பின் அவர் எழுதியவை மிகச் சிலவே.

1904 ஆகஸ்ட் 20ஆம் தேதி செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியைப் பார்த்துத் திரும்பிய கேட், மூளை இரத்தக்கசிவால் பாதிக்கப்பட்டு இரு நாட்களில் காலமானார். அப்போது அவருக்கு வயது 54.

நெடுங்காலம் வட்டார வழக்குக் கதைகளின் ஆசிரியராக மட்டுமே நினைக்கப்பட்ட அவரை, 1969இல் நார்வே அறிஞர் பெர் செயர்ஸ்டெட் வெளியிட்ட முழுத் தொகுப்பும் வாழ்க்கை வரலாறும் மீட்டெடுத்தன. 1898இல் எழுதப்பட்டு, வெளியிட முயலாமலே வைக்கப்பட்டிருந்த 'புயல்' என்ற சிறுகதையும் அப்போதுதான் அச்சேறியது. பெண்ணிய இயக்கம் வலுப்பெற்றிருந்த அந்நாட்களில், புதிய தலைமுறை வாசகர்கள் எட்னாவைத் தங்களுள் ஒருத்தியாகக் கண்டனர். பதிப்பகம் கைவிட்ட மூன்றாவது தொகுப்பும் 1991இல் தனி நூலாக வெளிவந்தது.