இயற்கையைப் படம்பிடித்த மா. கிருஷ்ணன்

மாணவர்களே, குளக்கரை மரத்தில் நாரைகள் கூட்டமாகக் கூடு கட்டியிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நாம் நெருங்கினால் அவை எழுந்து பறந்துவிடும். ஆகவே, பறவைகள் தம்முள் எவ்வாறு பழகுகின்றன என்பதைக் காண்பது அரிது. அதனைப் பொறுமையுடன் அவதானித்து, எழுத்திலும் ஒளிப்படத்திலும் பதிவு செய்த தமிழறிஞரே மா. கிருஷ்ணன் ஆவார்.

இவர் 1912 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் திகதி திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' என்னும் நாவலை எழுதிய அ. மாதவையா இவரது தந்தை. 1925 இல் தந்தை இறந்தபோது கிருஷ்ணனுக்கு வயது 13. பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியலைக் கற்றார்; சட்டமும் பயின்றார். எனினும் மனத்துக்கு ஏற்ற தொழில் எளிதில் அமையவில்லை. 1942 முதல் சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி எனப் பல பதவிகளை வகித்தார். அதன்பின் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் ஒளிப்படக்கலையையுமே வாழ்வாதாரமாகக் கொண்டார். வருமானம் உறுதியற்ற அவ்வழியை அவர் இறுதிவரை கைவிடவில்லை.

வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்த கமராவினால் அவர் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். படத்தின் அழகிலும் பார்க்க, அது காட்டும் உண்மையே அவருக்கு முக்கியமாகும்.

தமிழ்நாட்டின் வேடந்தாங்கல் ஏரி பற்றியும் அவர் தமிழில் எழுதினார். அங்கு நாரை, கொக்கு, நீர்க்காகம் முதலியன நீரில் நிற்கும் மரங்களில் அருகருகே கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயல்களுக்கு உரமாகிறது. ஆகையால் அவ்வூர் மக்கள் அப்பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர்.

1950 முதல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் அவர் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். 1968 இல் ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கையைப் பெற்றார். பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. 1996 பெப்ரவரி 18 அன்று காலமானார். அவரது இறுதிக் கட்டுரை அன்றைய தினமே வெளியாகியது.

தர்மபுரம் மாணவர்களே, உங்களுக்கு அண்மையில் உள்ள சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும், 2015 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. கைத்தொலைபேசியுடன் அங்கு செல்லும்போது ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை பறந்துவிடும். முட்டையும் குஞ்சும் வெயிலில் வாடும், காகத்துக்கும் இரையாகலாம். ஒரு படத்துக்காக ஓர் உயிரை இழக்கச் செய்வது முறையன்று. தூரத்தில் அமைதியாக நின்று பாருங்கள். கண்டதைத் திகதியுடன் குறித்து வையுங்கள்.

பயிற்சி வினாக்கள்
1. மா. கிருஷ்ணன் ஒளிப்படத்தில் எதற்கு முதன்மை அளித்தார்?
2. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்து வருவதற்குக் காரணம் யாது?
3. பறவைக் கூடுகளை ஏன் நெருங்கக்கூடாது? விளக்குக.